உடன் சென்றவர்

"சம்பந்தி, இந்த ஓட்டையைப் பாரு. வட்டமா இருக்கா, கோழிமுட்டை மாதிரி இருக்கா?"

"வயித்தைக் கிழிக்கப்போற டாக்டருக்கு வட்டம் எதுக்கு? வழி இருந்தாப் போதும்."

எங்கள் காலைப் பொழுது இப்படித்தான் தொடங்கும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது தையலறை. மூன்று மிஷின், ஒரு நீளமேசை, ஒரு ஜன்னல். படுக்கை விரிப்புக்கு ஓரம் மடிப்பது, நோயாளிச் சட்டைக்கு முதுகில் நாடா வைப்பது, ஆபரேஷனுக்குப் போர்த்தும் பச்சைத் துணியில் நடுவே ஓட்டை வெட்டி விளிம்பு கட்டுவது, இவைதான் வேலை. "இந்த ஆஸ்பத்திரியில டாக்டருங்களைவிட அதிகமாத் தையல் போட்டது நாமதான், ஆனா நம்ம பேரைப் போர்டுல போட மாட்டாங்க" என்பாள் சம்பந்தி. வருஷத்தில் நூறு தடவை சொல்வாள். நூறு தடவையும் சிரிப்பேன்.

எனக்கு ஒரு மகன், அவளுக்கு ஒரு மகள். சின்ன வயதில் இரண்டும் சலவைக் கூடைக்குள் உட்கார்ந்து கல்யாண விளையாட்டு விளையாடியதிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தி. பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பட்டம் மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. நான் அங்கே இருபத்தெட்டு வருஷம், அவள் இருபத்தாறு. மூன்றாவது மிஷினில்தான் யாரும் நிலைத்ததில்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், போய்விடுவார்கள். "அந்த மிஷின் ராசி சரியில்ல" என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

மிஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை. காரணம் கீழே, நிலவறையில் இருந்தது எங்களுக்குத் தெரியும்.

நிலவறைதான் துணி ஸ்டோர். இரும்புத் தட்டுகளில் மேலே வரைக்கும் துணிக்கட்டு, நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடைவெளி. அங்கே இருந்தவரை எல்லோரும் ஸ்டோர் அண்ணன் என்போம். அண்ணன் என்று கூப்பிட்டால் கொஞ்சம் அடங்கி இருப்பார் என்று ஒரு நம்பிக்கை. துணி அளக்கும்போது, "அந்த முனையைப் பிடிம்மா" என்பார். முனையைப் பிடித்துக்கொண்டு கோடியில் சுவரோடு நிற்க வேண்டும். அவர் முழம் முழமாக மடித்தபடி கிட்டே வருவார். துணி தீர்ந்த இடத்திலும் அவர் கை நிற்காது.

அதனால் ஸ்டோருக்கு இரண்டு பேராகப் போவது என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஒருத்தி முனையைப் பிடிப்பாள், இன்னொருத்தி நடுவில் நின்று மடிப்பைச் சத்தமாக எண்ணுவாள். இதைக் கொண்டுவந்தது நான்தான். ஆபீஸில் பேசி, துணிச் சீட்டில் 'பெற்றவர்' என்பதற்குக் கீழே 'உடன் சென்றவர்' என்று இன்னொரு கட்டமும் அச்சடிக்க வைத்தேன். அளவில் தப்பு வராமல் இருக்க என்று காரணம் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை வேறு. வாயைத் திறக்காமலே காரியத்தைச் சாதித்துவிட்டோம் என்று நானும் சம்பந்தியும் அன்றைக்கு டீ வாங்கிக் குடித்தோம்.

பிறகு அதுவும் எல்லாப் பழக்கத்தையும்போல ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் கையெழுத்துக்குத் தேடுவது தொந்தரவு என்று, திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரத்துச் சீட்டு முழுக்க 'உடன் சென்றவர்' கட்டத்தில் நானோ அவளோ கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம்.

கடைசியாக அந்த மிஷினுக்கு வந்த பெண்ணைப் பொத்தான் என்று கூப்பிட்டோம். முதல் வாரம் முழுக்க அவளுக்குப் பொத்தான் தைக்கும் வேலைதான் கொடுத்தோம், அதனால் வந்த பேர். இருபத்திரண்டு வயது இருக்கும். பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். வேலையில் சுருக்கு, பேச்சில் அதைவிடச் சுருக்கு.

"நீங்க ரெண்டு பேரும் ஏன்க்கா ஸ்டோருக்குப் போகும்போது பொண்ணு பாக்கப் போற மாதிரி ஜோடி சேந்து போறீங்க?"

"நீயும் ஜோடியோடதான் போகணும். தனியாப் போகாதே."

"ஏன்? பேய் இருக்கா?"

"இருக்கு. மீசை வெச்ச பேய்" என்றாள் சம்பந்தி. மூன்று பேரும் சிரித்தோம். அதற்குமேல் நாங்கள் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. சிரித்துவிட்டதே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவசரமாக நாற்பது பச்சைத் துணி கேட்டார்கள். துணி தீர்ந்திருந்தது. சம்பந்தி ஒரு விளிம்பின் பாதியில் இருந்தாள்.

"பொத்தான், நீ முன்னாடி போ. இதை முடிச்சுட்டுப் பின்னாலயே வர்றேன்."

அவள் போனாள். சம்பந்தி அந்த விளிம்பை முடித்தாள். அடுத்த துணியை எடுத்து மிஷினில் வைத்தாள். நான் பார்த்தேன். 'போகலையா?' என்று கேட்க வாயெடுத்தேன். என் மிஷினில் நூல் அறுந்தது. கோத்தேன். மறந்துவிட்டேன்.

பொத்தான் திரும்பி வர அரை மணி ஆயிற்று. கையில் துணி இல்லை.

"துணி எங்கம்மா?"

"அங்கயே இருக்கு."

"ஏன், என்ன ஆச்சு?"

அவள் திரும்பினாள். சட்டையின் இடது கை தோளோடு பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தெலும்புக்கு மேலே சிவப்பாக நாலு கோடு.

"ஐயோ! கழட்டு, கழட்டு முதல்ல. இந்தப் பச்சைத் துணியைப் போத்திக்கோ" என்று சம்பந்தி கதவைச் சாத்தினாள். பொத்தானை ஸ்டூலில் உட்கார வைத்துச் சட்டையை வாங்கி உட்பக்கம் திருப்பினாள். "துணி கிழியல, தையல்தான் விட்டிருக்கு. நல்லவேளை. சம்பந்தி, நூல் எடு. மாந்தளிர் கலர்."

நான் நூல் டப்பாவைக் கொட்டினேன்.

"இதுவா?"

"அது வெளிர். அந்தப் பக்கம் பாரு."

"இது?"

"அதான். அதேதான்."

நிறம் பொருந்தியபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு திருப்திகூட வந்தது. பொத்தான் பச்சைத் துணிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய தையல் போன ஓட்டையிலேயே ஊசியை இறக்கி, ஐந்தே நிமிஷத்தில் சம்பந்தி கையை ஏற்றிவிட்டாள். பல்லால் நூலை அறுத்து, சட்டையை உதறிக் காட்டினாள்.

"பாரு. பிரிஞ்ச எடமே தெரியாது. மூஞ்சியைக் கழுவிட்டு வா. நான்தான் வர்றேன்னேன்ல, கொஞ்சம் நின்னு போயிருக்கலாம்ல?"

பொத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சட்டையை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் தையலறைக்கு வருவதற்கு முன் ஆபீஸுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"யாரைக் கேட்டுக் குடுத்தா?" என்றாள் சம்பந்தி.

"யாரைக் கேக்கணும்?"

"நம்மளை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? அம்மா மாதிரி தெச்சுக் குடுத்தேன். அந்த மனுஷன் கெட்டவர் இல்ல சம்பந்தி. கை கொஞ்சம் நீளம். மனசுல ஒண்ணும் கிடையாது. எனக்கு ஆபரேஷன்னப்ப ரத்தத்துக்கு அலைஞ்சது யாரு? நம்ம ரெண்டு வீட்டு ஆம்பளைங்களா? அவர்தானே?"

இந்தப் பேச்சை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். மூன்றாவது மிஷின் காலியாகும் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அது எனக்கு மிஷின் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும், காதில் விழாது.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்டர் அம்மா, ஆபீஸ் மேனேஜர், சட்டம் படித்த ஒருவர். சம்பந்தி எனக்கு முன்னால் போய்விட்டு வந்தாள். வெளியே வரும்போது என்னைப் பார்க்கவில்லை.

"உங்க தோழி, கூடவே போனதா எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார் சட்டக்காரர். "தப்பா எதுவும் நடக்கலைன்னும் சொல்றாங்க. சீட்டுலயும் கையெழுத்து இருக்கு."

அவர் நீட்டிய சீட்டில் அவள் கையெழுத்து இருந்தது.

"அவ போகலைங்க. என் பக்கத்துலதான் உக்காந்து தெச்சிட்டிருந்தா."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"திங்கக்கிழமையே மொத்தமாப் போட்டு வெச்சுருவோம்."

"நீங்களுமா?"

"நானும்தான்."

"அப்ப நீங்க போட்ட கையெழுத்தையும் எதுக்கும் நம்ப முடியாது, இல்லையா?" கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோலக் கேட்டார்.

டாக்டர் அம்மா மேசைமேல் இருந்த மாந்தளிர் நிறச் சட்டையை என்னிடம் நீட்டினார். "எங்க கிழிஞ்சிருந்தது? காட்டுங்க."

தோளில் காட்டினேன். அவர் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார், உட்பக்கம் திருப்பிப் பார்த்தார், வலது தோளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது எல்லாச் சட்டையிலயும் இருக்கற தையல்தானே?"

"நாங்க திரும்பத் தெச்சோம்ங்க. அதே ஓட்டையில."

"ஏன் தெச்சீங்க?"

கிழிந்து வந்தால் தைப்போம். எதற்கு என்று எங்களை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"உடம்புல காயம் இருந்தது. நாலு கோடு."

"புகார்லயும் இருக்கு. ஆனா டாக்டர்கிட்ட யாரும் காட்டலையே. ஆஸ்பத்திரிக்குள்ளயே இருந்துகிட்டு." அவர் பேனாவை எடுத்தார். "இருபத்தெட்டு வருஷத்துல இவர்மேல நீங்க எப்பவாவது புகார் குடுத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபணம் ஆகவில்லை. பொத்தானை வேறு கிளைக்கு மாற்றினார்கள், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. அன்று மதியம் ஸ்டோர் அண்ணன் தானே துணிக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான். என்னம்மா, என்மேல கோவமா?" என்று என்னைக் கேட்டார்.

சம்பந்தி மூன்றாவது மிஷினின் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணே. படி ஏறி வந்திருக்கீங்க."

அவர் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் அவள் முகத்தையே பார்த்தேன். பயம் இல்லை. நடிப்பும் இல்லை. வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கிற முகம். எனக்குப் பிரசவம் பார்த்த முகம், என் வீட்டுக்காரர் போனபோது பதினாறு நாள் என் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த முகம். அந்தச் சட்டையை அவள் யாருக்காகத் தைத்தாள் என்று முதல்முதலாக எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தபின் அது அந்தச் சட்டையோடு நிற்கவில்லை.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனேன். மூன்று கட்டில் போட்ட அறை. பொத்தான் ஓரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிர்க் கட்டிலைக் காட்டினாள்.

"உங்க சம்பந்தியும் வந்தாங்க. முந்தாநாள்."

"அவளா? என்ன சொன்னா?"

"பழம் வாங்கிட்டு வந்தாங்க. அழுதாங்க. தனக்கும் அங்க இப்படி நடந்திருக்குன்னாங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான், மனசுல வெச்சுக்காதேன்னாங்க." சிரித்தாள். "எல்லாரும் என்கிட்ட வந்து அழறீங்க. அழ வேண்டிய எடத்துல போய் யாரும் அழ மாட்டேங்கறீங்க."

தனக்கும் நடந்ததா? இருபத்தாறு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்ட என்னிடம் சொல்லாததை, ஆறு மாதம் பழகிய இவளிடம் சொல்லியிருக்கிறாளே என்று, அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

"நான் உண்மையைத்தானே சொன்னேன்மா?"

"சொன்னீங்க. அது பத்தல. ஒரு வக்கீலம்மாகிட்ட கேட்டேன். உங்க சம்பந்தி ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுமாம். 'நான் கூடப் போகல'ன்னு. அப்ப விசாரணையைத் திரும்ப எடுத்துதான் ஆகணுமாம்."

"நான் கேக்கறேன்."

"கேளுங்க. இன்னும் ஆறு நாள் இருக்கு. அவங்க எழுதலைன்னா நான் பொய்க்காரி. எந்த வேலைக்குப் போனாலும் இந்தக் காகிதம் முன்னாடி போய் நிக்கும்."

அங்கிருந்து நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அவள் கட்டில்மேல் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையைப் பிடிக்க, பேச்சு தொடங்கியது.

"ஒரு வரி எழுதிக் குடு சம்பந்தி."

"அவருக்கு இன்னும் பதினோரு மாசம்தான் சர்வீஸ். அதுக்குள்ள அவரை நடுத்தெருவுல விடணுமா? அவர் பொண்டாட்டி என்ன பாவம் பண்ணா?"

"பொத்தான் என்ன பாவம் பண்ணா?"

"சின்னப் பொண்ணு. வேற வேலை கெடைக்கும். மறந்துடுவா."

"நீ மறந்துட்டியா? உனக்கும் நடந்துச்சாமே. என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். நான் விளையாடுகிறேனா என்பதுபோலப் பார்த்தாள்.

"உன்கிட்ட சொல்லலையா?"

"எப்ப சொன்ன?"

"நெஜமாவே ஞாபகம் இல்லையா உனக்கு?" குரல் இறங்கிவிட்டது. "நான் சேந்து ரெண்டாவது மாசம். ஸ்டோர்லேருந்து நேரா உன்கிட்டதான் ஓடி வந்தேன். இதே தோளு. நீதான் கழட்டச் சொல்லி வாங்கித் தெச்ச. 'பாரு, தெச்ச எடமே தெரியல. அவன் ஒரு மாதிரி ஆளு, வெளிய சொன்னா நம்ம பேருதான் கெடும். இனிமே தனியாப் போகாதே, நான் கூட வர்றேன்'ன்ன. உன் டப்பாவுல பாதியை எடுத்து எனக்கு வெச்ச. அன்னைக்குத்தான் நீயும் நானும் முதல்முதல்ல சேந்து சாப்பிட்டோம்."

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. சேர்ந்து சாப்பிட்டது ஞாபகம் இருந்தது. ஏன் சாப்பிட்டோம் என்பது இல்லை. இரண்டு பேராகப் போகும் ஏற்பாடு என் மூளையில் தானாக உதித்தது என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்?

"அன்னைக்கு நான் உன்மேல கோவப்பட்டேனா? எனக்காக ஒரு வார்த்தை போய்க் கேக்கலையேன்னு நெனச்சேனா? நீ தெய்வம் மாதிரி நின்னதாத்தான் நெனச்சேன். அதையேதானே அவளுக்கு நான் செஞ்சேன்? நீ செஞ்சா ஆதரவு, நான் செஞ்சா அநியாயமா?"

"நான் செஞ்சதும் அநியாயம்தான்."

"இப்ப வந்து சொல்ற."

"ரெண்டு பேரும் எழுதுவோம். அன்னைக்கு நடந்ததையும் சேத்து எழுதுவோம். நான் தெச்சதையும் எழுதறேன்."

"எழுதிட்டு நான் எங்க போறது?" துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இருபத்தாறு வருஷம் அவரை அண்ணன்னு கூப்பிட்டிருக்கேன். என் பொண்ணு கல்யாணத்துல முன்ன நின்னு வாசல்ல எல்லாரையும் வாங்கன்னு சொன்னது அவரு. அவரு அப்படிப்பட்டவர்னு இன்னைக்கு நான் எழுதினா, அந்த இருபத்தாறு வருஷமும் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு ஆகும்? நீ கேக்கறது ஒரு வரி இல்ல சம்பந்தி. என்னால ஆகாது."

நான் பிடித்திருந்த முனையை விட்டேன். மீதியை அவளே மடித்தாள்.

ஆறு நாளும் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள் மிஷின்மேல் வைத்தேன். முதல் நாள் அதன்மேல் பச்சைத் துணியைப் போட்டுத் தைத்தாள். இரண்டாம் நாள் எடுத்து என் மேசையிலேயே திரும்ப வைத்தாள். நான்காம் நாள், "படுத்தாதே" என்றாள். நான் மட்டும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சம்பந்திக்கு நடந்ததை எழுதவில்லை, அதை அவள்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்ததையும் நான் தைத்ததையும் எழுதினேன். குமாஸ்தா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே நீங்க சொன்னதுதானேம்மா" என்று கோப்பில் சொருகினார்.

கடைசி நாள் ஐந்து மணிக்கு ஆபீஸ் ஷட்டரை இறக்கும் சத்தம் எங்கள் அறை வரைக்கும் கேட்டது. சம்பந்தி மிஷினுக்கு உறை போட்டாள், பையை எடுத்துக்கொண்டாள்.

"வா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நீ போ."

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?"

"தெரியல. நீ போ."

ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கவாட்டு வாசல் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். எங்கள் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. கட்டடத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சலவைக்கூடத்து வழியாகப் பின்வாசலில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். முழங்கால் வலித்தது. வழியெல்லாம் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்படி எதையும் சொல்ல எனக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகள் போனோடு வந்தாள்.

"என்ன அத்தை இவ்வளவு லேட்டு? சம்பந்தி அத்தை மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. இப்பவும் லைன்லதான் இருக்காங்க. இந்தாங்க."

"நான் வந்துட்டேன்னு சொல்லு. பேச மாட்டேன்னு சொல்லு."

"அப்படியேவா?"

"அப்படியே சொல்லு."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள். தணிந்த குரலில் ஏதோ பேசினாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றேன். எழுதித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா, நாள் கடந்தாலும் பரவாயில்லை, கொண்டுபோய் ஆபீஸ் கதவைத் தட்டுகிறேன் என்று நின்றேன்.

மருமகள் திரும்பி வந்தாள். போனை மேசைமேல் வைத்தாள்.

"என்ன சொன்னா?"

"சரின்னாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல அத்தை. நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க."